பரங்கியும் பொருளாசையும்

நகைச்சுவைக் கதையும் சிற்சில வேளைகளில் இறையியல் மாணவனுக்குப் பாடம் புகட்டும். 'ஸ்டார் ட்ரெக்: எண்டர்பிரைஸ்' என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 2002 மார்ச்சு 27 அன்று 'அக்விசிஷன்' என்ற பகுதி ஒளிபரப்பாயிற்று. வேற்றுலகத்தார் நால்வர் மானிடரின் விண்கலத்தில் மயக்க வாயுவைப் பரப்பி உள்ளே புகுந்து, அகப்பட்டவற்றையெல்லாம் வாரிக்கொள்கின்றனர். இல்லாத பொன்னறை ஒன்று உண்டெனக் கலத்தார் நம்பவைக்க, அதைத் தேடி ஏமாறுகின்றனர். கள்வரின் ஆசையே அவர்தம் கண்ணை மறைக்கிறது.

இப்பகுதியில் இனப்பெயர் உரைக்கப்படாவிடினும், 1987 முதல் அத்தொடர் வரிசையில் இவர்கள் 'ஃபெரெங்கி' எனப்பட்டனர். பாரசீகத்தில் ஐரோப்பியரைக் குறித்த 'ஃபரங்கி' என்பதே இதன் மூலம். தமிழில் அதுவே 'பரங்கி'. மணமேல்குடி போன்ற கடற்கரையூரார்க்கு இச்சொல் புதிதன்று; பரங்கிக்காயிலும் பரங்கிப்பேட்டையிலும் அது நிலைத்துள்ளது. போர்ச்சுகீசியர் வாணிபத்தையும் சிலுவையையும் ஒரே கப்பலில் கொணர்ந்தனர். ஆகவே, 1606இல் மதுரை வந்த இராபர்ட் தே நொபிலி தம்மைப் பரங்கியென அழைப்பதை மறுக்க வேண்டியதாயிற்று.

இங்கே நகைப்பு நம்மேல் திரும்புகிறது. கொலோசெயர் நிருபம் (3:5) பொருளாசையை விக்கிரக வணக்கத்தோடு ஒன்றாக வைக்கிறது. அந்நியரின் பேராசையைக் கண்டு நகைக்கும் திருச்சபை, தன் நிலத்தையும் கட்டடத்தையும் பதவித் தேர்தலையும் காணும் அயலார் தனக்கு எப்பெயர் இட்டுள்ளனர் எனக் கேட்டறிதல் நன்று.