அடுப்புக்குப் போன பால்மரம்

கோலகங்சாரில் மாவட்ட அலுவலகத்தின் அருகே முதிய பால்மரம் ஒன்றை வேலியிட்டுக் காத்து வருகிறார்கள். 1877-இல் ஹியூ லோ துரை காலத்தில் அங்கு நட்ட முதல் கன்றுகளின் நினைவு அது. அதற்குப் பின் பேராக்கில் நின்ற எத்தனையோ பால்மரங்களுக்கு அந்த மரியாதை கிட்டவில்லை. பால் வற்றியதும் சாய்த்தார்கள், விறகாக்கினார்கள்.

லயத்து அடுப்புக்கும், ரப்பர் ஷீட்டு உலர்த்தும் புகை வீட்டுக்கும், செங்கல் சூளைக்கும் அந்த விறகு போயிற்று. 1967 முதல் பிறையிலிருந்த மலாயாவாத்தா ஆலை, பால்மரக் கரியைக் கொண்டே இரும்பு உருக்கியது. நம் நிரையில் நின்ற மரம் கட்டடக் கம்பிக்கும் உதவியது என்பது பலர் அறியாத செய்தி.

சரி, பலகையாக ஏன் அறுக்கவில்லை? அந்த மரத்தில் மாவுச்சத்தும் சர்க்கரையும் அதிகம். சாய்த்த சில நாட்களிலேயே பூஞ்சை புகுந்து நீலக்கறை படியும். பின்னாலேயே வண்டு துளைக்கும். நல்ல பலகை மாவாகக் கொட்டிப் போகும்.

கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தார் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதற்கு வழி கண்டார்கள். சாய்த்த மரத்தைத் தாமதமின்றி அறுக்க வேண்டும். பலகைகளைப் பெரிய இரும்பு உருளைக்குள் அடுக்கி மூடி, உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி எடுப்பார்கள். பிறகு போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தோடு செலுத்துவார்கள். காற்று இருந்த நுண்துளைகளில் கரைசல் ஊறிவிடும். வண்டுக்கு அது நஞ்சு. அப்புறம் சூட்டையும் ஈரத்தையும் அளந்து உலர்த்தும் அறையில் காய வைப்பார்கள். அவசரப்பட்டால் பலகை முறுக்கிக்கொள்ளும். புகை வீட்டில் சூடு மிஞ்சினால் ஷீட்டு கொப்புளம் போடுமே, அந்தக் கதைதான்.

1980-களில் பால்மர நாற்காலியும் மேசையும் கப்பலேறத் தொடங்கின. காட்டை அழிக்க வேண்டியதில்லை. 25, 30 ஆண்டு பால் கொடுத்து ஓய்ந்த மரமே போதும். வெளிநாட்டார் விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆனால் மரத்துக்கு விலை வந்தபோது, அதைச் சீவியவர்களுக்கு அதில் பங்கு வரவில்லை. மரம் தோட்டத்துக்குச் சொந்தம். சொந்த நிலம் வைத்திருந்த சிறு தோட்டக்காரருக்கு மறுநடவின்போது மரத்தை விற்ற காசு கையில் நின்றது. லயத்துக் குடும்பத்துக்கு அது இல்லை. இதைச் சொல்லாமல் பலகையின் பெருமையை மட்டும் பாடுவது நியாயமாகப் படவில்லை.

இன்று பேராக்கில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. ஆர்.ஆர்.ஐ.எம். 600 மரத்தை நம்மவர் அறிவர். பின்னர் பாலுக்கும் பலகைக்கும் சேர்த்தே 2000 வரிசை மரங்களை உருவாக்கினார்கள். நடுவதற்கு நிலம்தான் சுருங்கிக்கொண்டே போகிறது.

வீட்டுக்குப் பால்மர மேசை வாங்கியவர்களுக்கு ஒரு வார்த்தை. போரான் உப்பு நீரில் கரையும். ஆகவே மழைச்சாரல் படும் வாசலில் அதைப் போடாதீர்கள். ஈரத் துணியால் துடைத்தால் உடனே உலர்ந்த துணியாலும் துடைத்துவிடுங்கள். காலடியில் மெல்லிய மாவு கொட்டிக் கிடந்தால் வண்டு புகுந்துவிட்டது என்று பொருள். உடனே கடைக்காரரிடம் காட்டுங்கள்.