அடுப்பை அணைத்தாலும் ஆவி இருக்கும்

அடுப்பை அணைத்த கையோடு குக்கர் மூடியை யாரும் திறப்பதில்லை. ஹாம் ரேடியோக்காரர்கள் ‘லீனியர்’ என்று சொல்லும் வால்வு ஆம்ப்ளிஃபயரும் அப்படித்தான். அது பழுதானால் முதல் வேலை பழுதைத் தேடுவதல்ல, உள்ளே தேங்கிய மின்சாரத்தை இறக்குவது.

எங்கே தேங்குகிறது?

1970-களில் அமெரிக்காவின் ஹீத்கிட், வாங்குபவரே பூட்டிக்கொள்ளும் ‘கிட்’ ஆக விற்ற எஸ்பி-220 என்ற லீனியரைப் பார்ப்போம். ரேடியோவிலிருந்து வரும் 100 வாட் சிக்னலை இரண்டு 3-500இசட் வால்வுகள் பல மடங்கு பெருக்கும். அதற்கு அவற்றின் பிளேட்டில் சுமார் 3,000 வோல்ட் வேண்டும். அந்த வோல்டேஜைத் தாங்குபவை தொடராக இணைத்த எட்டு கப்பாசிட்டர்கள். ஒவ்வொன்றும் 200 மைக்ரோஃபாரட், மொத்தத்தில் 25. அதில் தேங்குவது 110 ஜூலுக்கு மேல். ஆளைக் கொல்ல அது போதும்.

தானாக இறங்காதா?

இறங்கத்தான் வேண்டும். ஒவ்வொரு கப்பாசிட்டருக்கும் குறுக்கே 30 கிலோ ஓம் ப்ளீடர் ரெசிஸ்டர் உண்டு. பவர் போனதும் அது சார்ஜைக் கசியவிடும். கணக்குப்படி அரை நிமிடத்தில் 3,000 வோல்ட் 20-க்கு வந்துவிடும்.

பழுதான பெட்டியில் இந்தக் கணக்கை நம்பக் கூடாது. குக்கர் வெயிட்டைத் தூக்கியும் ‘உஸ்’ சத்தம் வரவில்லையென்றால் ஆவி தீர்ந்திருக்கலாம், குழாயில் பருப்பு அடைத்தும் இருக்கலாம். பெட்டியிலுள்ள மீட்டர் பூஜ்யம் காட்டுவதும் அதே கதைதான்: மீட்டருக்குப் போகும் ரெசிஸ்டரே அறுந்திருக்கலாம். ஒரு ப்ளீடர் அறுந்தால், மற்ற ஏழு கப்பாசிட்டர்கள் காலியான பிறகும் அந்த ஒன்று முந்நூறு வோல்ட்டுக்கு மேல் வைத்துக்கொண்டு காத்திருக்கும்.

எப்படி இறக்குவது?

சுவிட்சை நம்பாமல் பிளக்கைப் பிடுங்கிக் கண்ணெதிரே வையுங்கள். ஆன்டெனா, ரேடியோ கேபிள்களைக் கழற்றுங்கள். சில நிமிடம் பொறுத்து மூடியைத் திறங்கள்.

அடுத்தது டிஸ்சார்ஜ் குச்சி: நீளமான இன்சுலேட்டர் கம்பு, முனையில் உலோகக் கொக்கி, அதிலிருந்து அதிக வாட் ரெசிஸ்டர் வழியாக ஒரு வயர். வயரின் கிளிப்பை முதலில் சேஸிஸில் (பெட்டியின் உலோகச் சட்டத்தில்) மாட்டிவிட்டு, பிறகே கொக்கியால் பிளேட் சப்ளையைத் தொட வேண்டும். இன்னொரு கை முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். திருப்புளியால் நேரடியாக ஷார்ட் செய்தால் பாயும் கரன்ட் கப்பாசிட்டரையும் மீட்டரையும் கெடுக்கும்.

ஒரு தடவை தொட்டால் போதாது. மொத்தம் பூஜ்யம் ஆனாலும் தனித்தனிக் கப்பாசிட்டர்களில் சார்ஜ் மிஞ்சும். ஆகவே சப்ளைக்கும் சேஸிஸுக்கும் இடையே ஒரு கிளிப் வயரை மாட்டியே வைத்து, சில நிமிடம் கழித்து ஒவ்வொரு கப்பாசிட்டரையும் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். சாதாரண மல்டிமீட்டர் 1,000 வோல்ட்டுக்கு மேல் தாங்காது என்பதால், 3,000 வோல்ட் லைனில் அதை வைக்கவே கூடாது.

பழுது பார்க்க அனுப்பும்போது

கழற்றும் முன் எல்லாக் கோணத்திலும் போட்டோ எடுங்கள். ஆறிய வால்வுகளைத் தனியே, பஞ்சணைத்து, நிமிர்த்தி வையுங்கள். கனமான டிரான்ஸ்ஃபார்மரைத் தனிப் பெட்டியில் கட்டுங்கள், இல்லாவிட்டால் வழியில் அது சேஸிஸையே வளைத்துவிடும். எந்த பேண்டில், எவ்வளவு பவரில் நின்றது, ‘டப்’ சத்தமா, கருகிய வாசனையா என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

கண்ணாடி ஃபியூஸ் உள்ள மாடலென்றால், போன ஃபியூஸையும் கூடவே அனுப்புங்கள். உள்ளே கறுத்து வெள்ளி பூசியதுபோல் இருந்தால் பெரிய ஷார்ட். கம்பி நடுவில் மட்டும் உருகியிருந்தால் ஓவர்லோடு. மெக்கானிக் தேட வேண்டிய இடம் அதிலேயே பாதி குறைந்துவிடும்.