உங்கள் நண்பர்களைப் பற்றி ஏன் கேட்கிறார்கள்?

"உடல்நலம் குன்றினால் முதலில் யாரிடம் சொல்வீர்கள்? அவசரத்துக்கு யாரிடம் கடன் கேட்பீர்கள்?" கையில் டேப்லெட்டுடன் வரும் ஆய்வுப் பணியாளர் இவ்வாறு வினவும்போது, "என் நோய்க்கும் என் தோழியின் பெயருக்கும் என்ன தொடர்பு?" என்ற ஐயம் எழுவது இயல்பே. அதற்கான விளக்கத்தை இங்கே காண்போம்.

தொடர்புகளை அறிவதால் என்ன பயன்?

கோவிட் பரவிய 2020ஆம் ஆண்டில், தமிழ்நாட்டிலும் ஆந்திரப் பிரதேசத்திலும் தொற்றாளர்கள் 84,965 பேருடன் தொடர்பில் இருந்த 5,75,071 பேரின் விவரங்கள் ஆராயப்பட்டன. தொற்றாளர்களுள் ஏறத்தாழ பத்தில் ஏழு பேரின் தொடர்புகளில் ஒருவருக்குக்கூடத் தொற்று கண்டறியப்படவில்லை. மிகச் சிலரிடமிருந்தே பலருக்கு நோய் பரவியிருந்தது. யார் யாருடன் பழகினார் என்பதைப் பதிவு செய்யாமல் இவ்வுண்மையை அறிந்திருக்க இயலாது.

நோயைப் போலவே நற்பழக்கமும் மனிதர் வழியாகப் பரவுகிறது. ஹோண்டுராஸ் நாட்டில் 32 கிராமங்களில் நடைபெற்ற ஆய்வொன்றின் முடிவுகள் 2015இல் வெளியாயின. மக்கள் தம் நண்பர்கள் எனக் குறிப்பிட்டவர்களிடம் வைட்டமின் மாத்திரைகளை முதலில் அறிமுகப்படுத்தியபோது, அப்பழக்கம் ஊருக்குள் கூடுதலாகப் பரவியது.

மென்பொருள் என்ன செய்கிறது?

ஒரே ஊரில் பல லட்சுமிகளும் பல முருகன்களும் இருப்பர். காகிதப் படிவத்தில் பெயரை மட்டும் எழுதினால் குழப்பமே மிஞ்சும். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் உருவாக்கிய 'ட்ரெல்லிஸ்' போன்ற மென்பொருள்கள் இதற்காகவே அமைந்தவை. முதலில் ஊர்மக்களின் விவரங்கள் புகைப்படத்துடன் பதிவாகின்றன. பின்னர் நீங்கள் ஒருவரின் பெயரைச் சொன்னால், திரையில் தோன்றும் படங்களைப் பார்த்து உரியவரைக் காட்டலாம். இணைய வசதி இல்லாத இடத்திலும் பதிவு செய்ய முடியும். இத்தகைய ஆய்வுகளில், பகுப்பாய்வின்போது பெயர்களுக்குப் பதிலாகக் குறியீட்டு எண்களைப் பயன்படுத்துவதே முறை.

ஆயினும் பெயரை நீக்குவது மட்டுமே முழுப் பாதுகாப்பு ஆகாது. வயது, தெரு, தொழில் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால், சிறிய ஊரில் ஒருவரை அடையாளம் கண்டுவிடலாம். மேலும், நீங்கள் குறிப்பிடும் நண்பர் அவ்விடத்தில் இருப்பதில்லை. அவருடைய சம்மதத்தை யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். எனவே அவருடைய நலனையும் கருதியே விடையளிக்க வேண்டும்.

பெயர் கூறுமுன் நீங்கள் கேட்க வேண்டியவை

• இவ்வாய்வுக்கு நெறிமுறைக் குழுவின் அனுமதி உள்ளதா?
• நான் கூறும் பெயர்களை யார் யார் பார்ப்பார்கள்?
• அவை எங்கே, எவ்வளவு காலம் வைக்கப்படும்?
• நான் பெயர் சொன்னது அவருக்குத் தெரியவருமா?
• விலக விரும்பினால் யாரை அணுக வேண்டும்?

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, ஆய்வில் பங்கேற்பது உங்கள் விருப்பமே. எந்த நிலையிலும் விலகலாம். அதனால் உங்கள் சிகிச்சை பாதிக்கப்படக் கூடாது. ஒரு குறிப்பிட்ட கேள்விக்கு மட்டும் விடையளிக்க மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு.

மருத்துவர் கேட்டால்?

ஆய்வு வேறு, சிகிச்சை வேறு. காசநோய் உறுதியானதும், வீட்டில் உடன் வாழ்வோர் யாவர் என மருத்துவரோ செவிலியரோ கேட்பார்கள். அது அவர்களையும் பரிசோதித்து, தேவைப்பட்டால் தடுப்பு மருந்து அளிப்பதற்காகவே. குறிப்பாக, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இந்நோய் விரைவில் தீவிரமடையக்கூடும். கூச்சத்தாலோ அச்சத்தாலோ ஒரு பெயரை மறைத்தால், அக்குழந்தை உரிய காலத்தில் மருந்து பெறாமல் போகலாம்.

ஆகவே யாரேனும் பெயர் கேட்டால், "இது ஆய்வுக்காகவா, சிகிச்சைக்காகவா?" என்று முதலில் கேளுங்கள். ஆய்வு என்றால், விளக்கம் பெற்று முடிவெடுங்கள். சிகிச்சை என்றால், தயங்காமல் சொல்லுங்கள்.