அக்காள் பாட்டு

திருவண்ணாமலையில் தாய் அழகம்மாள் அப்பளம் இடக் கூப்பிட்டபோது ரமண மகரிஷி எழுதித் தந்த அப்பளப்பாட்டு பலருக்கும் தெரியும். வேதாந்தத்தை அடுக்களைப் பேச்சில் பாடும் அந்த வழியில், அவருக்கு வெகு காலம் முன்பே நடந்தவர் ஒரு பெண்: செங்கோட்டை ஆவுடையக்காள். சிறு வயதிலேயே கணவரை இழந்தவர். திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாளிடம் உபதேசம் பெற்றவர் என்பார்கள். கும்மி, ஊஞ்சல், பள்ளு என்று பெண்கள் அறிந்த பாட்டு வகைகளிலேயே அத்வைதத்தைப் பாடினார். எச்சில், தீட்டு என்ற விலக்குகளையும் துணிந்து கேள்வி கேட்டார். எத்தனை பெரிய துணிச்சல்! அச்சேறும் முன்பு அவர் பாடல்களை வாய்மொழியாகக் காத்தவர்கள் வீட்டுப் பெண்களே. நேயர்களே, உங்கள் பாட்டிக்கு அக்காள் பாட்டு தெரிந்தால், பாடச் சொல்லிப் பதிவு செய்துவையுங்கள்.