வெப்பத்தால் சுழலும் காந்தச் சக்கரம்

கொல்லனுடைய உலையிலிருந்து செக்கச் செவேலெனப் பழுத்த இரும்புத் துண்டொன்றை எடுத்து, அதனருகே ஒரு காந்தத்தைக் கொண்டுசென்றால், காந்தம் அதனைக் கவராது. இரும்பு ஆற ஆற, ஒரு கட்டத்தில் காந்தத்தின் பிடிக்குள் மீண்டும் அகப்பட்டுவிடும். இழந்த இயல்பை அது எவ்வாறு மீளப் பெற்றது?

இரும்பின் ஒவ்வோர் அணுவும் நுண்ணியதொரு காந்தம் எனலாம். அவை ஒரே திசை நோக்கி அணிவகுக்கும் தன்மையாலேயே இரும்பு வலுவாகக் கவரப்படுகின்றது. வெப்பம் மிகுந்தால் அவ்வணி குலைகின்றது. இதனை விரிவாக ஆராய்ந்து 1895ஆம் ஆண்டில் வெளியிட்டவர் பியர் கியூரி என்னும் பிரெஞ்சு அறிஞர். அணி குலையும் வெப்பநிலை அவர் பெயராலேயே வழங்குகின்றது. செல்சியசு அளவில் அது இரும்புக்கு 770 பாகை; நிக்கலுக்கு ஏறக்குறைய 358; கடோலினியம் என்னும் உலோகத்துக்கோ 20 பாகையளவே.

இவ்வியல்பைக் கொண்டு ஒரு சக்கரத்தைச் சுழற்றலாம். நிக்கல் விளிம்புடைய இலேசான சக்கரமொன்றை அச்சில் பொருத்துவோம். விளிம்பின் அருகே காந்தமொன்றை நிறுத்தி, அதன் ஒரு பக்கத்தில் மட்டும் விளிம்பிற் சுடர் படும்படி செய்வோம். சுடர்பட்ட பகுதி கவர்ச்சிக்கு ஆட்படாது; மறுபக்கத்துக் குளிர்ந்த பகுதியையே காந்தம் இழுக்கும். இழுபட்டு வந்த பகுதி சுடரை அடைந்து சூடேற, அதன் பின்னுள்ள குளிர்ந்த பகுதி இழுபடும். சூடேறிய பகுதி சுற்றிவரும் வழியில் ஆறிவிடும். இவ்வாறு சக்கரம் ஓயாது சுழலும். இங்கே வேலை செய்வது காந்தமன்று, சுடரின் வெப்பமே. விளிம்பு முழுவதும் ஒரே சீராகச் சூடேறிவிட்டால் சக்கரம் நின்றுவிடும்.

அமெரிக்காவில் எடிசன் 1888இலும் டெஸ்லா 1889இலும் இத்தகைய பொறிகளுக்குக் காப்புரிமை பெற்றனர். எனினும் அவை நீராவிப் பொறியை வெல்லவில்லை. உலோகம் ஒவ்வொரு சுற்றிலும் சூடேறி ஆறவேண்டும். அதற்குக் காலம் செல்லும். ஆகவேதான் எடிசன் விரைவில் சூடேறி ஆறக்கூடிய மெல்லிய இரும்புக் குழல்களை நாடினார்.

வெப்பவியல் விதியும் ஓர் எல்லை வகுக்கின்றது. 60 பாகை வெந்நீரையும் 20 பாகை தண்ணீரையும் கொண்டு இயங்கும் எப்பொறியும், தான் பெறும் வெப்பத்தில் நூற்றுக்கு 12 பங்குக்குமேல் வேலையாக மாற்றவியலாது. ஆயினும், ஆலைகள் வீணே வெளியேற்றும் வெந்நீர்க்கு விலையில்லை. குறைந்த வெப்பநிலையிலேயே காந்த இயல்பை இழக்கும் உலோகக் கலவைகளை அறிஞர் இன்று ஆராய்வது இதன்பொருட்டே. வீணாகும் வெப்பத்திலிருந்து சிறிதளவு வேலை கிடைப்பினும் அது நமக்கு ஊதியமே.