ஒரு என்ஜின் நின்றால்...

2015 ஜூன் 8 இரவு, சென்னையிலிருந்து ரோந்து சென்ற கடலோரக் காவல்படையின் டோர்னியர் விமானம் மூவருடன் மாயமானது. ஜூலையில் எங்கள் கடலூர்ப் பக்கக் கடலடியில் சிதைவுகள் கிடைத்தன. விசையின் திருப்புத்திறன் பாடத்தின்போது இதைச் சொன்னேன். “ரெண்டு என்ஜின் இருக்கே சார், ஒண்ணு நின்னா இன்னொண்ணு போதாதா?” என்றான் மீனவர் வீட்டு மாணவன் ஒருவன்.

அந்த விபத்தின் காரணத்துக்குள் நான் போகவில்லை. கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டேன். அளவுகோலின் நடுவை ஆணியில் பொருத்தி, இருபுறமும் இருவரைச் சமமாகத் தள்ளச் சொன்னேன். ஒருவர் கையெடுத்ததும் அது சுழன்றது. விமானமும் அப்படித்தான், நின்ற என்ஜின் பக்கம் திரும்பும். விமானி ஓடும் என்ஜின் பக்க மிதியை அழுத்தி, வால் சுக்கானால் நேராக்குவார். நிற்கும் படகில் சுக்கான் பிடிக்காது என்பதை மாணவர்களே சொன்னார்கள். விமானத்திலும் வேகம் ஓர் எல்லைக்குக் கீழே போனால் சுக்கான் தோற்கும், விமானம் கவிழும்.

திறன் பாதிதான் குறைகிறது. ஆனால் சிறிய விமானங்களில் மேலேறும் திறன் 80 விழுக்காடோ அதற்கு மேலோ போய்விடும். சம்பளம் பாதியானால் சேமிப்பும் பாதியா ஆகும்? (நமக்குத் தெரியாததா!) மட்டமாகப் பறக்கவே பெரும்பங்கு செலவாகிறது; மிச்சம்தான் ஏறுவதற்கு.

“அப்போ ஓடுற என்ஜினையும் குறைக்கணுமா சார்?” என்றான் அவன். வேகம் அவ்வளவு குறைந்துவிட்டால் ஆமாம். அதைக் குறைத்து, மூக்கைத் தாழ்த்தி, முதலில் வேகத்தை மீட்க வேண்டும்.