மலைநீரும் நாம் கழித்த நீரும்



ஹட்டன் நகரம் அமைந்துள்ள மேட்டில் மழை பெய்கின்றதென்று வைத்துக்கொள்வோம். கூரையின் முகட்டில் விழுந்த நீர் இருபுறமும் வழிவதைப்போல, அம்மழைநீர் அங்கே பிரிந்துவிடுகின்றது. ஒரு பகுதி ஹட்டன் ஓயா என்னும் சிற்றாறாகி, வட்டவளைப் பக்கமாக இறங்கி மகாவலி கங்கையைச் சேர்கின்றது. இலங்கையின் மிக நீண்ட ஆறாகிய மகாவலி, 335 கிலோமீற்றர் ஓடித் திருக்கோணமலையின் கொட்டியாரக் குடாவிற் கலப்பதை நீங்கள் அறிவீர்கள். மற்றைப் பகுதி டிக்கோயாப் பக்கம் வழிந்து, காசல்ரீ நீர்த்தேக்கத்திற் புகுந்து, களனி கங்கையோடு சேர்ந்து மேற்குக் கடலை நாடுகின்றது. வழியிலே அம்பத்தளை என்னுமிடத்தில் அந்த ஆற்றிலிருந்து எடுத்துச் சுத்திகரிக்கப்படும் நீரே கொழும்பு மாநகரின் குடிநீரிற் பெரும்பகுதியாகும். கொழும்பிலே குழாயைத் திறந்து முகங்கழுவும் ஒருவர், டிக்கோயாவில் லயத்து வாசலிற் பாத்திரம் துலக்கிய அம்மையாரை ஒருபோதும் காணப்போவதில்லை. ஆயினும் அவ்விருவருக்கும் இடையே ஓர் உறவு உண்டு. அந்த உறவைப்பற்றியே இன்று பேச விரும்புகின்றேன்.

நான் கலைப் பட்டதாரி, விஞ்ஞான ஆசிரியனல்லன். எனினும் அதிபர் என்ற முறையில், எங்கள் பாடசாலைச் சுவர்களிலே ஆண்டுதோறும் ஒட்டப்படும் நீர்வட்டப் படங்களைப் பார்த்து வருகின்றேன். கடல் இருக்கும், அதன்மேற் சூரியன் இருக்கும், மேல்நோக்கிய அம்புக்குறிகள், முகில், மழை, மலை, ஆறு, மீண்டும் கடல். படம் அழகாகவே இருக்கும். ஆனால் அந்த மலையிலே லயம் இல்லை, பீலி இல்லை, மலசலகூடம் இல்லை, தேயிலைத் தொழிற்சாலை இல்லை. மலைநாட்டுப் பிள்ளை வரைந்த மலையிலே மலைநாட்டு மனிதரைக் காணோம்! பிள்ளையைக் குறைகூறிப் பயனில்லை; பாடநூற் படமே அப்படித்தான்.

படத்தில் உள்ளதை முதலிற் சுருக்கமாகக் கூறிவிடுவோம். பூமியிலுள்ள நீரில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பங்கு உப்புநீர். எஞ்சிய நன்னீரிலும் பெரும்பகுதி துருவப் பிரதேசங்களிலே பனிக்கட்டியாக உறைந்து கிடக்கின்றது. நாம் புழங்கும் நீர் மிகச் சொற்பமே. அது தீர்ந்துபோகாதிருப்பதற்குக் காரணம், ஓரிடத்தில் நில்லாமற் சுழன்றுகொண்டிருப்பதுதான். ஆவியாக எழுந்த நீர் சராசரியாக 9 நாள் அளவே வளியில் தங்கி மீண்டும் மழையாக இறங்கிவிடுகின்றது. மே மாதம் முதல் செப்ரெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று, இந்து சமுத்திரத்தின் ஈரத்தைச் சுமந்துவந்து நமது மலைகளின் மேற்குச் சரிவிலே மோதி, மேலெழுந்து, குளிர்ந்து, பொழிகின்றது. யாழ்ப்பாணத்தார் சோழகம் என்று சொல்வதும் இக்காற்றையே. வட்டவளையில் ஆண்டொன்றுக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 200 அங்குலம், மழை வீழ்கின்றது. அதே காற்று மலையைக் கடந்து கிழக்கே இறங்கும்போது ஈரமிழந்து வரண்டுவிடுகின்றது. அதனைக் கச்சான் என்ற பெயரால் மட்டக்களப்பார் நன்கறிவர்.

உயர்ந்த மலைகளிலே மழை மாத்திரமன்று, மூடுபனியும் நீர் தருகின்றது. ஹோட்டன் சமவெளியின் காடுகளிலே பாசி படர்ந்த குட்டை மரங்களைக் கண்டவர்கள், மழை பெய்யாத நாளிலும் அவற்றின் கிளைகளிலிருந்து நீர் சொட்டுவதைக் கண்டிருப்பார்கள். தவழ்ந்து செல்லும் முகிலை அம்மரங்கள் வடித்தெடுத்து மண்ணுக்கு வார்க்கின்றன. கோப்பிப் பயிருக்காகக் காடுகள் மளமளவென்று வெட்டப்பட்ட காலத்தில், இங்கிலாந்தின் கியூ தாவரவியற் பூங்காவின் இயக்குநராயிருந்த ஜோசப் ஹூக்கர் விடுத்த எச்சரிக்கையின் விளைவாக, 5000 அடிக்கு மேற்பட்ட அரசாங்கக் காடுகளை அழித்தலாகாதென 1873ஆம் ஆண்டில் விதிக்கப்பட்டது. அன்று அந்த விதி பிறந்திராவிடின் இன்று எத்தனை ஊற்றுக்கள் எஞ்சியிருக்குமோ!

இனி, படத்தில் இல்லாத பகுதிக்கு வருவோம். நீர்வட்டம் நீரைச் சுழற்றுவதோடு நில்லாமல் அதைக் கழுவியும் தருகின்றது. கடல்நீர் ஆவியாகும்போது உப்பும் அழுக்கும் கீழே தங்கிவிட, நீர் மட்டுமே மேலெழுகின்றது. இது ஒரு சலவை. மழைநீர் மண்ணினுள் இறங்கி, மணலினூடும் களியினூடும் வடிந்து, மண்வாழ் நுண்ணுயிர்களால் அழுகற் பொருள்கள் சிதைக்கப்பெற்று, எங்கோ ஒரு பாறையிடுக்கில் ஊற்றாகக் கசிவது மற்றொரு சலவை. இரண்டுக்கும் காலம் வேண்டும். நாம் காலையிற் கானில் ஊற்றிய நீர் மாலையிற் கீழ்ப் பிரிவின் பீலியிற் கொட்டுமாயின், அது கடலுக்கும் செல்லவில்லை, முகிலுக்கும் செல்லவில்லை, மண்ணின் ஆழத்துக்கும் செல்லவில்லை. இயற்கையின் பெருவட்டத்துக்குள்ளே நாம் ஒரு குறுக்குவழி வெட்டியிருக்கின்றோம். நோய்க்கிருமிகள் பயணம் செய்வது அவ்வழியிலேதான்.

தோட்டத்திலே இக்குறுக்குவழி எவ்வாறு அமைந்துள்ளதென்று பாருங்கள். மலையின் மேற்பகுதியில் ஓர் ஊற்று, அதன் கீழே ஒரு தொட்டி, தொட்டியிலிருந்து குழாய், குழாயின் முடிவிலே பீலி. ஒரு லயத்துக் குடும்பங்கள் பல அந்த ஒரே பீலியிற் குடிநீர் பிடிக்கும். அங்கேயே குளிக்கும், துணி துவைக்கும். கழித்த நீர் லயத்து வாசற்கான் வழியாகச் சரிவில் இறங்கும். வழியிலே மரக்கறித் தோட்டங்கள், மாட்டுத் தொழுவங்கள், நிரம்பி வழியும் மலக்குழிகள் ஆகியவற்றின் கசிவும் அதனோடு சேரும். எல்லாம் ஓர் ஓடையில் விழும். அந்த ஓடையைத் தடுத்தோ, அதன் கரையிலுள்ள ஊற்றைத் தொட்டியாக்கியோ, அடுத்த பிரிவுக்கு நீர் எடுக்கப்படும். மேட்டுலயத்தார்க்குக் கழிவுநீராய் இருந்தது பள்ளத்து லயத்தார்க்கு ஊற்றுநீராகின்றது. இடையே உள்ள தூரம் சில வேளைகளில் ஒரு கூப்பிடு தூரமே.

ஓடுகின்ற நீருக்கு அழுக்கில்லை என்று நம்மவர் நம்புகின்றனர். இந்நம்பிக்கையில் ஒரு பாதி உண்மை. பாறைகளில் விழுந்து நுரைத்தோடும் ஓடைநீர் காற்றிலிருந்து ஒட்சிசனை நிறையப் பெறுகின்றது. அதனால் அழுகற் பொருள்கள் விரைவாகச் சிதைந்து, நாற்றமும் கலங்கலும் நீங்குகின்றன. ஆனால் நெருப்புக்காய்ச்சலையும் வயிற்றோட்டத்தையும் உண்டாக்கும் கிருமிகள் அவ்வளவு விரைவில் மடிவதில்லை. அதிலும் நம் மலைநாட்டின் குளிர் அவற்றுக்கு உதவியே செய்கின்றது. வெப்பமான நீரைவிடக் குளிர்ந்த நீரில் அக்கிருமிகள் நீண்டகாலம் உயிர்தாங்கும். பளிங்குபோற் தெளிந்து, பல்லைக் கூசச் செய்யும் குளிரோடு விழும் பீலிநீர் தூயதென்று நாவும் கண்ணும் சொல்லலாம். இவ்விடயத்தில் அவ்விரண்டையும் நம்புதல் கூடாது.

கழிவு நீரிலே கலவாமல் மண்ணிலே கிடந்தாலும் தீமைதான். ஈரமும் நிழலும் நிறைந்த தேயிலை மண்ணிலே கொழுக்கிப்புழுவின் குடம்பிகள் செழித்திருந்து, வெறுங்காலுடன் கொழுந்து பறிப்போரின் தோலைத் துளைத்து உடலினுட் புகுந்தன. அவர்களின் இரத்தத்தை உறிஞ்சிச் சோகை பிடிக்கச் செய்தன. 1916ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிதியத்தின் உதவியோடு இலங்கைத் தோட்டங்களிலே இப்புழுவை ஒழிக்கும் இயக்கம் தொடங்கப்பட்டது. மருந்து கொடுத்தபோது புழு வெளியேறியது. மலசலகூடம் இல்லாத தோட்டங்களில் மீண்டும் தொற்றியது. மருந்தின் செலவோடு ஒப்பிடுகையில் மலசலகூடத்தின் செலவு பெரிதென்று அக்காலத்துத் தோட்ட முதலாளிமார் பலர் தயங்கினர். அந்தத் தயக்கத்தின் விலையைத் தொழிலாளர் தம் இரத்தத்தாற் கொடுத்தனர்.

இங்கே ஒன்றை வெளிப்படையாகச் சொல்லவேண்டும். லயத்தவர்க்குச் சுத்தம் தெரியாது என்று சிலர் பேசுவதைக் கேட்டிருக்கின்றேன். இது அநியாயமான பேச்சு. லயங்களை எந்தச் சரிவிற் கட்டுவது, கானை எப்பக்கம் திருப்புவது என்பவற்றையெல்லாம் நூறாண்டுக்கு முன்னரே துரைமார் தீர்மானித்துவிட்டனர். 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. கைகள் மாறின, பல இடங்களிற் குழாயும் கானும் பழைய தடத்திலேயே கிடக்கின்றன. தனக்குச் சொந்தமல்லாத நிலத்திலே ஒரு குடும்பம் மலக்குழி ஒன்று தோண்டுவதாயினும் நிர்வாகத்தின் அனுமதியை நாடவேண்டியுள்ளது. சுத்தம் என்பது பழக்கத்தை மட்டும் பொறுத்ததன்று, நிலத்தையும் பொறுத்தது.

தொழிற்சாலையைப்பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். குறைந்துபோகும் மூன்றரைக் கிலோவும் நீரே. வாட்டும்போதும் உலர்த்தும்போதும் அது ஆவியாகி வானத்துக்கே திரும்புகின்றது. ஆகவே நமது தொழிற்சாலைகளும் சிறிதளவு முகில் செய்கின்றன என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

மலையை விட்டு இறங்கிய பின்னரும் நாம் நீரிலே கரைத்துவிட்டவை நம்மை விட்டுப் போய்விடுவதில்லை. நுவரெலியாவிலுள்ள கிரகரி வாவி 1873ஆம் ஆண்டில் ஆள்பதி கிரகரியின் காலத்தில் அமைக்கப்பட்டது. சுற்றுப்புறத்து உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட் தோட்டங்களிலிருந்து மழையோடு வந்த மண்ணும் பசளையும், நகரத்துக் கழிவும் அதனுட் சேர்ந்தன. வண்டல் மேடிட்டது, நீர்த்தாவரம் மண்டியது. அந்த வாவியின் நீர் நானுஓயாவாகிக் கொத்மலை ஓயாவைச் சேர்கின்றது. பயிருக்கு இட்ட பசளையில் எஞ்சியது நீரிலே பாசிக்குப் பசளையாகின்றது. 1991ஆம் ஆண்டிற் கொத்மலை நீர்த்தேக்கத்திலே நச்சுத்தன்மை கொள்ளவல்ல நுண்பாசி பெருகிப் பச்சையாய்ப் படர்ந்தது. அவ்வாற்றின் நீரிலே ஒரு பகுதி 1976ஆம் ஆண்டு முதற் பொல்கொல்லையில் திருப்பப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே வடமத்திய மாகாணத்துக் குளங்களை நோக்கிச் செல்கின்றது. நுவரெலியாவில் ஒருவர் அளவுக்கு மிஞ்சி இட்ட உரம் கலாவாவியின் கீழ் வயல் செய்பவரைத் தேடிப் போகின்றது என்று சொன்னால் அது கற்பனையன்று.

குறுக்குவழியை மூடுவது எவ்வாறு? ஊற்றின் மேற்புறத்திலே மரம் நிற்கவேண்டும். மாடும் மனிதரும் புகாதபடி வேலி வேண்டும். தொட்டிக்கு மூடி வேண்டும். மலக்குழி ஊற்றுக்கு மேற்சரிவில் ஒருபோதும் இருத்தலாகாது. குறைந்தது 50 அடியாவது விலகியிருக்கவேண்டுமென்பது சுகாதாரப் பகுதியினரின் பொதுவிதி. குளித்த நீரையும் பாத்திரம் கழுவிய நீரையும் ஓடைக்கு விடாமல், ஒரு வாழைப் பாத்திக்கோ சேம்புப் பாத்திக்கோ திருப்பினால், மண் தன் சலவைத் தொழிலைத் தானே செய்துகொள்ளும். இவற்றுள் மூடி, வேலி, பாத்தி ஆகியவை லயத்தவர் கூடிச் செய்யக்கூடியவை. மலக்குழியும் குழாய்த் தடமும் நிர்வாகமும் அரசாங்கமும் செய்யவேண்டியவை. ஒருவர் மற்றவரைக் காட்டிக்கொண்டிருப்பதற்குள் அடுத்த மாரி வந்துவிடுகின்றது.

அதுவரையில் நம் கையில் இருப்பது அடுப்பு. மலைநாட்டில் நீர் குறைந்த வெப்பநிலையிற் கொதிப்பதாற் கிருமிகள் சாகா என்று ஒருவர் என்னிடம் வாதித்தார். நுவரெலியா ஏறத்தாழ 1890 மீற்றர் உயரத்திலுள்ளது; அங்கே நீர் சுமார் 94 பாகையிலேயே கொதிக்கும் என்பது மெய்தான். ஆனால் நோய்க்கிருமிகளைக் கொல்ல அந்த வெப்பம் போதும். குமிழியிட்டுக் கொதிக்கத் தொடங்கியபின் இரண்டு மூன்று நிமிடம் அடுப்பிலே வைத்து, மூடி ஆறவிட்டு, கோப்பையை உள்ளே அமிழ்த்தாமற் சாய்த்து ஊற்றிக் குடியுங்கள். பாடசாலைக்கு வரும் பிள்ளையின் போத்தலிலும் அந்த நீரையே நிரப்பி அனுப்புங்கள். எங்கள் பாடசாலைக்கு வரும் பாதையிலே மூன்று பீலிகள் இருக்கின்றன. போத்தல் இல்லாத பிள்ளை வீடு திரும்பும்போது மூன்றிலும் வாய் வைத்துக் குடித்துவிட்டே போகும்.